கடைசி வண்டிக்குப் பின்னால்

என் ஒர்க்‌ஷாப்புக்கு மேல் மாடியில்தான் அவர்கள் குடியிருந்தார்கள். புருஷன், சவ ஊர்வலங்களுக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் போய் ரோட்டை நிறுத்திக் கொடுக்கிறவர். பெண்டாட்டி டவுன் பஸ் டிரைவர். ஒருவருக்கு ரோட்டை நிறுத்துவது வேலை, இன்னொருவருக்கு அதே ரோட்டில் நேரத்துக்குப் போய்ச் சேருவது வேலை. அந்த வீட்டில் சண்டைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

"உங்க பொணத்தால இன்னிக்கு ரெண்டு டிரிப் போச்சு" என்று அந்தம்மா படியேறும்போதே ஆரம்பிப்பார். "என் பொணம் இன்னும் உசுரோடதான் இருக்கு, டீ கேக்குது" என்று மேலேயிருந்து பதில் வரும். கீழே நான் சிரித்துக்கொண்டே நட்டு முடுக்குவேன்.

அவரைத் தெருவில் எல்லாரும் பைலட் என்பார்கள். பெரிய மனிதர்களின் காருக்கு முன்னால் போகும் வண்டியை அப்படித்தானே சொல்கிறோம். ஊர்வலத்தின் பின்னால் வருவது அவர் மச்சினன், டிரைவரம்மாவின் தம்பி. கடைசியில் வருவதால் அவனுக்கு வால் என்று பெயர். சேட்டையிலும் அது பொருந்தித்தான் இருந்தது.

பைலட் வண்டி என் கைக்கு அடிக்கடி வரும். கிளட்ச் பிளேட் கருகிப்போயிருக்கும். ஊர்வல வேகம் என்பது நடையை விடக் கொஞ்சம் கூட, சைக்கிளை விடக் கொஞ்சம் குறைவு. முதல் கியரில் வண்டி குதிக்கும், இரண்டாவதில் மூச்சுத் திணறும். கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டே போக வேண்டும். எஞ்சினைப் பிரித்தால் வரும் தீய்ந்த வாசனையை வைத்தே அந்த வாரம் ஊரில் எத்தனை சாவு என்று சொல்லிவிடுவேன் என்று அவரிடம் கேலி பேசுவேன்.

அந்த வேலையை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். வீட்டு வாசலில் வண்டிகளை வரிசையாக நிறுத்துவார்கள். பட்டப்பகலாக இருந்தாலும் எல்லா வண்டியும் முன்விளக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். விளக்கு எரிந்தால் அது ஊர்வல வண்டி. கடைசி வண்டியின் டிக்கிக் கைப்பிடியில் ஒரு வெள்ளைத் துணி கட்டப்படும். அது வாலின் பொறுப்பு. கிளம்பிய பிறகு ஒரு சொந்தக்காரர் லேட்டாக வந்து சேர்ந்துகொண்டால் வால் இறங்கி, துணியை அவிழ்த்து, அந்தப் புது வண்டியில் கட்ட வேண்டும். பைலட் முன்னால் போய் முக்கில் மோட்டார் சைக்கிளைக் குறுக்கே போட்டு, இறங்கி நின்று, குறுக்கு வண்டிகளை நிறுத்துவார். துணி கட்டிய வண்டி தாண்டியதும் ரோட்டைத் திறந்துவிட்டு, வரிசையை ஓரமாகவே முந்திக்கொண்டு அடுத்த முக்குக்கு ஓடுவார். நடுவில் சிவப்பு விளக்கு விழுந்தாலும் ஊர்வலத்துக்கு அது கணக்கில்லை. அதற்கு டிராஃபிக் ஆபீஸில் அவர்கள் கம்பெனிக்கு பர்மிட் உண்டு.

மற்ற வண்டிக்காரர்கள் செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். ஹாரன் அடிக்கக் கூடாது. வரிசைக்கு நடுவில் புகுந்து வெட்டக் கூடாது. பெரும்பாலானவர்கள் நிற்கத்தான் செய்கிறார்கள். ரேடியோவைக் குறைக்கிறவர்களும் உண்டு, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. ஹாரன் அடிக்கிறவர்களைக்கூட பைலட் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். "அவசரம்னா அடிக்கத்தான் செய்வான். நம்ம வீட்டுச் சாவா அவனுக்கு?" என்பார்.

அவருக்கு ஆகாதவர்கள் வேறு ஒரு ரகம். ஊர்வலம் போவதைப் பார்த்ததும் விளக்கைப் போட்டுக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கடைசி வண்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வார்கள். எல்லா சிக்னலையும் நிற்காமல் தாண்டிவிடலாம், பாருங்கள். அவர்களுக்கு பைலட் வைத்த பெயர் ஒட்டுண்ணி. ஒட்டுண்ணியைப் பிடிப்பதில் அவருக்கு இருந்த சந்தோஷம், கிரிக்கெட்டில் கேட்ச் பிடித்தவனுக்குக்கூட இருக்காது.

"எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"துக்கத்துல வர்றவன் முன்னாடி போற வண்டியப் பாப்பான். ஒட்டுண்ணி சிக்னலப் பாப்பான். அவ்வளவுதான் அண்ணே."

ஒருத்தன், இறந்தவர் என் பெரியப்பா என்று கண்ணைத் துடைத்தானாம். பெட்டியில் போனது ஒரு அம்மா. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் பைலட் அந்த ஆளைப் போலவே கண்ணைத் துடைத்துக் காட்டுவார். வால் தரையில் உட்கார்ந்து சிரிப்பான்.

அந்த மழை நாளில் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. மூன்று பேரும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

இறந்தவர் மரக்கடை வைத்திருந்த பெரியவர். நல்ல பெயர் உள்ள குடும்பம், வண்டிகள் நிறைய. தூறல் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது, வானம் கருக்கலாகவே இருந்தது. ஊர்வலம் கிளம்பி ரவுண்டானாவைத் தாண்டும்போது நடுவில் ஒரு கார் ஆஃப் ஆகி நின்றுவிட்டது. அதைத் தள்ளி ஓரம் கட்டுவதற்காக வால் தன் இடத்தை விட்டு முன்னால் போனான். அந்த இடைவெளியில்தான் ஒரு சின்ன நீலக் கார் வந்து, வெள்ளைத் துணி கட்டிய வண்டிக்குப் பின்னால் சேர்ந்துகொண்டது. வால் பார்க்கவில்லை. துணி இருந்த இடத்திலேயே இருந்தது.

காரை ஓட்டி வந்தது பெரியவரின் மகள். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய், பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர். அண்ணன் சொல்லி அனுப்பியதே தாமதம். பக்கத்து வீட்டுக்காரரின் காரை இரவல் வாங்கிக்கொண்டு மழையில் ஓட்டி வந்திருக்கிறார். வீட்டு வாசலுக்கு வந்தபோது அங்கே நாற்காலிகள்தான் கிடந்தன. கிளம்பிப் போய்விட்டார்கள் என்று யாரோ சொல்லவும், விரட்டிக்கொண்டு வந்து பிடித்துவிட்டார்.

மார்க்கெட் முக்கில் பைலட் நின்றிருந்தார். வெள்ளைத் துணி தாண்டியது. கையைக் காட்டிப் பின்னால் வந்த நீலக் காரை நிறுத்தினார். அந்தம்மா கண்ணாடியை இறக்கி, "நான் அவரோட பொண்ணு, என்னை விடுங்க" என்றார்.

பைலட் சொன்னது இது: "இந்த முக்குல தினமும் நாலு பொண்ணுங்க வர்றாங்கம்மா. போய் லைன்ல நில்லுங்க."

அந்தம்மா சத்தம் போட்டார். ஹாரனை விடாமல் அழுத்தினார். ஒட்டுண்ணிகளும் அப்படித்தான் செய்வார்கள். பைலட் நகரவில்லை. குறுக்கு ரோட்டைத் திறந்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மார்க்கெட் கூட்டம் மொத்தமும் நடுவில் புகுந்தது. சிக்னல் திரும்பிப் பச்சையாவதற்குள் ஊர்வலம் கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது. எங்கள் ஊரில் இடுகாடு இரண்டு. அந்தம்மா தன் சின்ன வயதில் பார்த்திருந்த பழையதற்குப் போனார். அங்கே யாரும் இல்லை. விசாரித்துக்கொண்டு புதியதற்கு வந்தபோது மண்ணைத் தள்ளி முடித்து, ஆட்கள் கைகழுவிக்கொண்டிருந்தார்கள்.

பைலட் அதையும் பார்த்தார். நீலக் கார் வந்து நின்றது, அந்தம்மா செருப்பில்லாமல் சேற்றில் ஓடினார், அண்ணன்காரர் எதிரில் வந்து பிடித்துக்கொண்டார். பைலட் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றாராம்.

மறுநாள் கம்பெனி முதலாளி பைலட்டையும் வாலையும் கூப்பிட்டார். மரக்கடை அண்ணன் போன் செய்திருந்தார். கோபமாகப் பேசவில்லை, என்ன நடந்தது என்று மட்டும் தெரிய வேண்டும் என்றாராம். முதலாளி பயந்துபோயிருந்தார். புகார் என்று டிராஃபிக் ஆபீஸுக்குப் போனால் பர்மிட்டை நிறுத்திவிடுவார்கள். பர்மிட் நின்றால் இந்த இரண்டு பேருக்கும் வேலை இல்லை.

மத்தியானம் அவர்கள் இரண்டு பேரும் நானும் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தோம். டிரைவரம்மா காலை ஷிஃப்ட் முடிந்து காக்கிச் சட்டையோடு வந்து, எனக்கும் சேர்த்து டீ ஊற்றினார். வால் சந்தோஷமாக இருந்தான்.

"அக்கா, பிரச்சனை முடிஞ்சுது. மாமா ஒரே வார்த்தைல முடிச்சிட்டாரு" என்றான்.

"என்ன வார்த்தை?"

"அந்தக் கார்ல லைட் எரியலன்னு. லைட் எரியாத வண்டி ஊர்வல வண்டியே இல்லையே. அப்புறம் மாமா எதுக்கு விடணும், நான் எதுக்குத் துணிய மாத்தணும்? முதலாளிக்கு மூஞ்சி அப்படியே மலர்ந்துடுச்சு. உடனே போன் போட்டு அந்த அண்ணன்கிட்ட சொல்லிட்டாரு."

டிரைவரம்மா டீ கிளாசைக் கீழே வைத்தார். புருஷனைப் பார்த்து, "லைட் எரியலையா?" என்றார்.

"எரியல" என்றார் பைலட். கண்ணை ரொட்டியிலிருந்து எடுக்கவில்லை.

"அப்புறம் உங்க சட்டைல அந்தப் பட்டை ஏங்க அப்படி மின்னுச்சு?"

முக்கில் நிற்கிறவர்கள் போடும் மஞ்சள் மேல்சட்டையில், நெஞ்சுக்குக் குறுக்கே வெள்ளிப் பட்டை ஒன்று இருக்கும். வெளிச்சம் பட்டால்தான் அது மின்னும்.

"என் பஸ்ஸு அந்த நீலக் காருக்குப் பின்னாடிதான் நின்னுச்சு" என்றார். குரலை உயர்த்தவில்லை. "மழை மூட்டம். அந்தக் கார் வந்து நின்ன உடனே உங்க நெஞ்சுல பளிச்சுன்னுச்சு. நீங்க அசையறப்பல்லாம் மின்னுச்சு. என் பஸ்ல லைட் போடல. அப்ப அது எந்த லைட்டு?"

வால்தான் முதலில் வாயைத் திறந்தான். "நீ பஸ்ல அவ்வளவு உயரத்துல உக்காந்திருக்க அக்கா. மேலேருந்து பாத்தா அப்படித்தான்..."

"மேலேருந்து பாத்தாத்தான்டா நல்லா தெரியும்."

பைலட் ரொட்டியைக் காகிதத்தில் மடித்தார். "இப்ப என்ன பண்ணச் சொல்ற? எரிஞ்சுதுன்னு போய்ச் சொல்லவா? எனக்கு மட்டும் போகாது. உன் தம்பிக்கும் சேத்துத்தான் போகும்."

"அந்தப் பொண்ணுக்கு என்ன பதில்?"

"போனது போச்சு. லைட் எரிஞ்சுதுன்னு நான் சொன்னா மண்ணைத் தோண்டி அவங்கப்பன் மூஞ்சியக் காட்டவா போறாங்க?"

சொன்ன பிறகு அவருக்கே அது அசிங்கமாகப் பட்டிருக்க வேண்டும். எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவினார். டிரைவரம்மா கிளாசுகளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். படியேறும்போது எதுவும் சொல்லவில்லை, குழாயடியிலிருந்து பதிலும் வரவில்லை. அந்த வீட்டுக்குக் கீழே இருந்த இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு மத்தியானத்தை நான் பார்த்ததில்லை.

இரண்டொரு நாள் கழித்து பஸ் டிப்போவுக்குப் போகும் வழியில் டிரைவரம்மா என் கடையில் நின்றார். அவரை மட்டும் குறை சொல்லி என்ன அண்ணே, நானும்தான் இறங்கவில்லை என்றார். அந்த நேரம் பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். பைலட்டைப் பார்த்து ஒவ்வொருத்தரும் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார்கள். எமனுக்கே ஏஜென்ட் போல நிற்கிறான் பார் என்று ஒருத்தன் சொல்ல, பஸ்ஸே சிரித்திருக்கிறது. நிற்பது இவர் புருஷன் என்று கண்டக்டருக்கு மட்டும் தெரியும். அவன் கண்ணாடியில் இவரைப் பார்த்துப் பல்லைக் காட்டினானாம். "எனக்கு வெக்கமாப் போச்சு. மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். அந்தப் பொண்ணு ஹாரன் அடிக்கிறத வச்சே தெரிஞ்சுது, அது அவசரத்துக்கு அடிக்கிற ஹாரன் இல்ல. இத்தனை வருஷம் ரோட்டுல இருக்கேன், எனக்குத் தெரியாதா? இறங்கிப் போய் ஏங்க விடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பாரு. என் பேச்சை ரோட்டுலயாச்சும் கேப்பாரு."

அதற்குப் பிறகு பைலட்டின் வேலை மாறிப்போனது. ஒட்டுண்ணி என்று யாரையும் நிறுத்துவதை விட்டுவிட்டார். குறுக்கு ரோட்டை நிறுத்துவார். ஆனால் வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்குப் போட்டுக்கொண்டு எவன் வந்தாலும் கையை வீசிப் போகச் சொல்லிவிடுவார். இந்த விஷயம் ஊரில் பரவ நேரமாகவில்லை. டாக்சிக்காரர்கள் ஊர்வலத்துக்காகக் காத்திருந்து சேர்ந்துகொண்டார்கள். துக்க வீட்டு வண்டி பத்து என்றால் ஒட்டுண்ணி இருபது. வால் பின்னால் வந்து துணியை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகத் தவித்துப்போனான்.

ஒருநாள் ஒரு மெத்தைக் கடை வேன் இப்படிச் சேர்ந்து, நடுவில் விலக வழியில்லாமல் இடுகாடு வரைக்கும் வந்துவிட்டது. கூரையில் இரட்டை மெத்தை ஒன்று கட்டியிருந்தது. துக்க வீட்டுக்காரர்கள் எல்லாரும் இறங்கி அதையே பார்த்தார்கள். அந்த டிரைவர் என்ன செய்வதென்று தெரியாமல் தானும் இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு, எல்லாம் முடியும்வரை நின்றுவிட்டுப் போனான். முதலாளி இதைக் கேள்விப்பட்டு, இது சாவு ஊர்வலமா சந்தைக்குப் போற கூட்டமா என்று கத்தினார். வால் என்னிடம் சொல்லிச் சிரித்தான். பைலட் சிரிக்கவில்லை.

"யார் பொய், யார் நெஜம்னு இப்ப எனக்குத் தெரியல அண்ணே" என்றார். "முன்னாடி தெரிஞ்சுதான்னும் தெரியல."

அந்த நீலக் கார் அம்மா சிக்னலைப் பார்த்தாரா, முன்னால் போன வண்டியைப் பார்த்தாரா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான்.

"ரெண்டையும் பாக்கல. என்னையே பாத்தாங்க."

மழைக்காலம் முடிகிற சமயம், வேறு ஒரு சாவுக்கு மரக்கடை அண்ணன் துக்கம் கேட்க வந்திருந்தார். பைலட்டைப் பார்த்ததும் அவராகவே வந்து கையைப் பிடித்துக்கொண்டாராம். அன்றைக்கு நீங்கள் உண்மையைச் சொன்னது நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் உங்கள் மேல் தப்பாக நினைத்திருப்போம் என்றாராம். "அவ சின்னதுலேருந்தே அப்படித்தான். எதையும் பாதி செஞ்சுட்டு மறந்துடுவா. அப்பாவோட கடைசிப் பயணத்துக்கு ஒரு லைட்டப் போடத் தோணல பாருங்க. எங்க வீட்ல இப்ப எது மறந்து போனாலும், லைட் போட்டியான்னுதான் கேக்குறோம்." சொல்லிவிட்டு மெதுவாகச் சிரித்தாராம். கெட்ட மனிதர் இல்லை. தங்கையைக் கிண்டல் செய்கிற அண்ணன் சிரிப்புதான்.

தங்கச்சி எங்கே இருக்கிறார் என்று பைலட் கேட்டார். பக்கத்து ஊர் கடைத்தெருவில் பெயிண்ட் கடையில் வேலை என்று அண்ணன் சொன்னார்.

அன்று சாயங்காலம் பைலட் என் கடையில் வண்டியை நிறுத்திவிட்டு, மாடிக்குப் போகாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். டிரைவரம்மா கீழே இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் உள்ளே வேலையாக இருந்தேன். ரொம்ப நேரம் தாழ்ந்த குரலில் பேச்சு. கடைசியில் பைலட் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. "நான் அவங்கள நிறுத்துனதக்கூட வேலைன்னு சொல்லிக்கலாம். இது வேலை இல்லயே."

மறுநாள் முதலாளியிடம் போய் உண்மையைச் சொன்னார். முதலாளி கதவைச் சாத்திவிட்டுத் திட்டினார். பிறகு தணிந்து, தூங்குகிறதை எழுப்பாதே, அந்தப் பெண்ணாக வந்து புகார் கொடுத்தால் அன்றைக்குப் பார்ப்போம் என்றார். அந்தப் பெண்ணிடமே போய்ச் சொல்லப்போகிறேன் என்று பைலட் சொன்னதும், அவர் தலையில் கைவைத்துக்கொண்டாராம்.

வாலுக்குத்தான் தாங்கவில்லை. என் கடை வாசலிலேயே மாமாவை மறித்தான்.

"மாமா, அந்தம்மா ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா நம்ம ரெண்டு பேரும் ரோட்டுல."

"ரோட்டுலதானடா இத்தனை நாளும் இருந்தோம்."

"விளையாடாதீங்க. எனக்கு இப்பதான் பொண்ணு பாக்குறாங்க."

"துணிய மாத்தாதது உன் தப்பு இல்ல, நின்னுபோன வண்டியத் தள்ளப் போன. அத நான் சொல்லிக்கிறேன். உம்மேல வராது மாப்ள."

"நீங்க சொல்லுவீங்க. அவங்க கேக்கணுமே" என்றான் வால். பிறகு காலால் ஒரு போல்ட்டை உதைத்துவிட்டு, "சரி, போயிட்டு வாங்க. அக்காவ மட்டும் பேச விடாதீங்க. அது பஸ்ஸக் கொண்டுபோய் நேரா சுவத்துல விடும்" என்றான்.

டிரைவரம்மாவின் லீவு நாளில் இரண்டு பேரும் போனார்கள். யாரோ ஓட்டுகிற பஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து போவது அந்தம்மாவுக்குப் பிடிக்காது. வழியெல்லாம் அந்த டிரைவர் பிரேக் போடுவதைக் குறை சொல்லிக்கொண்டு வந்தாராம். அது பைலட்டின் மனசை வேறு பக்கம் திருப்பத்தான் என்று எனக்குத் தோன்றியது.

பெயிண்ட் கடையில் அந்தப் பெண்ணுக்கு நிறம் கலக்கிற வேலை. சுவரிலிருந்து பெயர்த்த ஒரு சில்லைக் கொண்டுவந்து கொடுத்தால், அதே நிறத்தைக் கலந்து டப்பாவில் அடைத்து, குலுக்குகிற மெஷினில் வைப்பார். மெஷின் ஓடும்போது பக்கத்தில் நின்று பேச முடியாது. அது நிற்கும்வரை இவர்கள் கவுண்டருக்கு வெளியே நின்றிருந்தார்கள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். மஞ்சள் மேல்சட்டை இல்லாமலே பைலட்டை அடையாளம் தெரிந்துவிட்டது.

கடைக்குள் ஸ்டூல் இழுத்துப் போட்டார். டீ சொல்லி அனுப்பினார். பைலட் உட்காரவில்லை. வழியில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய் ஒரே மூச்சில் சொன்னார்.

"உங்க கார்ல லைட் எரிஞ்சுதும்மா. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் நிறுத்துனேன், ஏமாத்துறீங்கன்னு நெனச்சு. அப்புறம் வேலை போயிடுமேன்னு எரியலன்னு சொல்லிட்டேன். தப்பு முழுக்க என்னோடது. நீங்க எங்க வேணும்னாலும் எழுதிக் குடுங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

அந்தப் பெண் கையிலிருந்த பெயிண்டைத் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"இல்லீங்க. லைட் எரியல" என்றார்.

"எரிஞ்சுதும்மா."

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அது இரவல் கார். ஸ்டீயரிங்குக்கு இடது பக்கத்துல ஒரு குச்சி, வலது பக்கத்துல ஒரு குச்சி. லைட்டுன்னு நெனச்சு வைப்பரைப் போட்டேன். வைப்பர் ஓடுச்சு. லைட் போட்டோம்னு நெனச்சுக்கிட்டேன். அண்ணன் சொன்னப்ப முதல்ல நானும் போட்டேன்னுதான் சண்டை போட்டேன். அப்புறம் வீட்டுக்கு வந்து நல்லா யோசிச்சுப் பாத்தேன். தினமும் யோசிச்சுப் பாத்தேன். போடல."

டிரைவரம்மாவால் அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. "நான் உங்களுக்குப் பின்னாடி பஸ்ல இருந்தேம்மா. இவரு சட்டைல உங்க லைட் அடிச்சுது. என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றார்.

அந்தப் பெண் அவரையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். உங்களுக்கு நல்ல மனசு என்றார். பிறகு, "இத்தனை வருஷம் அப்பாகிட்ட பேசாம இருந்தது யாரு? நான்தானே. வான்னு ஒரு வார்த்தை சொல்வாருன்னு அவரு வாயையே பாத்துக்கிட்டிருந்தேன். அவரும் அதத்தான் பாத்துக்கிட்டு இருந்திருப்பாரு. அதுல உங்க தப்பு ஒண்ணும் இல்லயே. இதுவும் அதோட போகட்டும்" என்றார்.

பைலட் மறுபடி வாயெடுத்தார். அதற்குள் அந்தப் பெண் எழுந்து நின்று இரண்டு கையையும் குவித்துவிட்டார்.

"நான்தான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும். அன்னிக்கு நடு ரோட்டுல வச்சு உங்கள என்னென்னமோ திட்டிட்டேன். ஹாரன் வேற அடிச்சேன். வேலை செய்யற மனுஷன்கிட்ட அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அதுக்கப்புறம் உங்களுக்கும் எவ்வளவு கஷ்டம் வந்திருக்கும். மன்னிச்சுக்கோங்க."

டீ வந்தது. குடித்தார்கள். வாசலில் ஒருவர் ஜன்னல் கதவில் சுரண்டிய பச்சைச் சில்லோடு வந்து நின்றார். அந்தப் பெண் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார். மெஷின் ஓடத் தொடங்கியது.

வெளியே வந்ததும் பைலட் நடைபாதையில் நின்றுவிட்டார். இன்னொரு தடவை போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார். அந்தப் பெண் நம்பவில்லை, நம்புகிற மாதிரி நான் சொல்லவில்லை, வைப்பர் ஓடியது வாஸ்தவம், ஆனால் விளக்கும் எரிந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பினார்.

டிரைவரம்மா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாங்க. அழுது முடிச்சு, எதையோ ஒண்ணப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு நிக்குது அந்தப் பொண்ணு. அதுவும் பொய்னு சொன்னா எதப் பிடிச்சுக்கும்?"

"பொய்தானே. நான் சொன்ன பொய்."

"ஆமா. நீங்க சொன்னதுதான். இப்ப அது அவங்களோடது."

கடைக்குள் மெஷின் நின்றது. அந்தப் பெண் டப்பாவைத் திறந்து, விரலால் தொட்டு, சில்லின் மேல் தடவிப் பார்த்தார். சரியாக இருந்தது போல. தலையை ஆட்டிக்கொண்டு மூடியை அறைந்து மூடினார். இவர்கள் இன்னும் அங்கேயே நிற்பதைப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாப்புக்கு வழி தெரியாமல் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, வாசலுக்கு வந்து இடது பக்கமாகக் கையைக் காட்டினார்.

இரண்டு பேரும் அந்தப் பக்கமாக நடந்தார்கள். பஸ் ஸ்டாப் வலது பக்கம் இருந்தது. வரும்போது அங்கேதான் இறங்கியிருந்தார்கள். ஆனாலும் அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும்வரை திரும்பவில்லை என்று டிரைவரம்மா என்னிடம் சொன்னார்.